நுண்மணிகளின் ஒளி

கண்ணாடிக்கு வண்ணமூட்டும் கலை மிகப் பழமையானது. அக்கலையை ஆராயப் புகுந்த ஓர் அறிஞரின் முயற்சி, புற்றுநோய் ஆராய்ச்சிக்கு ஒரு புதிய விளக்கை ஏற்றிய வரலாற்றை இன்று காண்போம்.

சோவியத் நாட்டின் லெனின்கிராடு நகரில், வாவிலோவ் ஒளியியல் நிலையத்தில் பணியாற்றியவர் அலெக்சி எக்கிமோவ். செப்புக் குளோரைடு கலந்த கண்ணாடியை அவர் வெவ்வேறு அளவில் சூடாக்கினார். உள்ளே விளைந்த படிகங்கள் சிறுத்தபோது, அவை உறிஞ்சும் ஒளி நீலத்தின் பக்கம் நகர்ந்தது. இதனை அவர் 1981-ஆம் ஆண்டில் வெளியிட்டார். 1983-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் லூயி புரூஸ், நீர்மத்தில் மிதந்த காட்மியம் சல்பைடு துகள்களிலும் இதே விந்தையைக் கண்டார். நிறத்தை வகுப்பது பொருள் மட்டுமன்று, பருமனும் ஆகும் என்பது தெளிவாயிற்று.

ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் கூறாக்கினால், ஒரு கூறு ஒரு நானோமீட்டர். இத்துகள்களின் பருமன் சில நானோமீட்டர்களே. காட்மியம் செலினைடு மணிகளுள் சிறியவை நீலமாகவும், பெரியவை சிவப்பாகவும் ஒளிரும். 1993-இல் மவுங்கி பவெண்டியின் குழுவினர் இவற்றை ஒரே பருமனில் ஆக்கும் வழியைக் கண்டனர்.

புற்றுக்கட்டியை நாடிச் சென்று ஒட்டும் புரதத்தை இம்மணியுடன் இணைத்தால் என்ன? 2004-இல் அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகக் குழுவினர் எலிகளிடம் இதனைச் சோதித்தனர். கட்டி இருந்த இடம் ஒளிர்ந்தது.

நோயைக் காட்டும் ஒளி, நோயைக் கொல்லவும் கூடுமோ? இதற்கு வித்திட்டவர் மூனிக் நகரத்து மாணவர் ஆஸ்கார் ராப். அக்ரிடீன் சாயத்தில் நீந்திய ஒற்றைச்செல் உயிர்கள் வெளிச்சம் பட்டு மடிவதை அவர் 1900-இல் வெளியிட்டார். சாயம் ஏற்ற ஒளியாற்றல் ஆக்சிஜனைச் செல்கொல்லியாக மாற்றுகிறது. அம்முறை பிற்காலத்தில் புற்றுநோய் மருத்துவமாக வளர்ந்தது. சாயத்திற்கு நுண்மணி துணையாகலாம் என்பதை 2003-இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது.

எனினும் தடை ஒன்று உண்டு. காட்மியம் நஞ்சு. மணியின் மேற்பரப்பு சிதைந்தால் அது கசிந்து, நலமான செல்களையும் கொல்லும். ஆகவே துத்தநாகச் சல்பைடு உறையிட்டும், சிலிக்கன், கார்பன் முதலியவற்றை நாடியும் அறிஞர் முயல்கின்றனர். எக்கிமோவ், புரூஸ், பவெண்டி மூவரும் 2023-இல் நோபெல் பரிசு பெற்றனர். ஆயினும் நோயாளியின் உடலில் இம்மணியைச் செலுத்துவது இன்னும் வழக்கமான மருத்துவமாகவில்லை. நோயைக் காட்டவல்லது என்பது மட்டும் போதாது. நோயாளிக்குத் தீங்கற்றது என்பதும் மெய்ப்பட வேண்டும். அப்பணி உங்கள் தலைமுறைக்குக் காத்திருக்கிறது.