வளையும் கோலும் மெல்லிய இரையும்



மீன்பிடித்தல் என்றதும் கடலையும் வலையையும் நினைப்பது நமக்கு இயல்பு. வன்னிப் பெருநிலத்தின் உட்பகுதியில் வாழ்வோர்க்கோ குளத்து மீனே அருகிலுள்ள மீன். நெல்லுக்கு நீர் தந்த குளமே கறிக்கும் மீன் தந்தது. அக்குளக்கரையில் ஏழைக்கும் எட்டிய கருவி தூண்டில். அதன் கோலையும் இரையையும் தேர்ந்தெடுத்த முறைக்கும் ஒரு வரலாறு உண்டு.

அவ்வரலாறு சங்க காலத்துக்குச் செல்கின்றது. குறுந்தொகையின் 54ஆம் பாட்டில் ஓர் உவமை வருகின்றது. காட்டு யானை ஒன்று பசிய மூங்கிலை வளைத்துத் தின்கின்றது. தினைப்புனம் காப்போரின் கவண் ஒலி கேட்டு வெருவி, அதனைக் கைவிடுகின்றது. விடுபட்ட மூங்கில், மீனைக் கவர்ந்த தூண்டிற்கோல் போலச் சட்டென மேலெழுகின்றது. இவ்வுவமையாலேயே அப்புலவர் மீனெறி தூண்டிலார் எனப் பெயர் பெற்றார். நல்ல கோல் வளைய வேண்டும், வளைந்தபின் நிமிரவும் வேண்டும் என்பதைப் பழந்தமிழர் நன்கு அறிந்திருந்தனர் அன்றோ!

இனி வன்னிக்கு வருவோம். இலங்கையில் பெரிய இயற்கை ஏரிகள் இல்லை. குளங்கள் பெரும்பாலும் மனிதர் ஆறுகளை மறித்து அமைத்தவை. பாலியாற்றின் வவுனிக்குளமும், பேராற்றின் முத்தையன்கட்டுக் குளமும், 1902ஆம் ஆண்டில் வேலை தொடங்கிக் கனகராயன் ஆற்றின் குறுக்கே எழுந்த இரணைமடுவும் இவ்வாறு பிறந்தவையே. ஆற்று மீன்கள் இக்குளங்களிற் குடியேறின. அவற்றுள் தூண்டிற்காரர் பெரிதும் விரும்புவது விரால். தாமரையும் அல்லியும் படர்ந்த இடத்தில் அது மறைந்திருந்து, தவளையோ சிறு மீனோ அணுகும்போது பாய்ந்து கௌவும். காற்றை உட்கொள்ள அடிக்கடி நீர்மட்டத்துக்கு வருவதால், அதன் இருப்பிடத்தைக் கூர்ந்த கண் அறிந்துவிடும். ஆதலின் உயிர்த் தவளையும் சிறு மீனுமே அதற்கு ஏற்ற இரைகளாயின.

வன்னியில் விரால் எத்தகையதோ, அமெரிக்க நன்னீர்களில் 'பாஸ்' என்னும் மீன் அத்தகையது. அம்மீனை நாடியோரின் முயற்சியால் தூண்டிற்கலை புது வடிவம் பெற்றது. 1938இல் நைலான் உலகுக்கு அறிவிக்கப்பட்டது. நம் மீனவர் தங்கூசி என வழங்கும் இழை அதன் வழிவந்தது. இரண்டாம் உலகப் போரின்பின் கண்ணாடி இழைக் கோல்களும், 1970களில் அவற்றினும் இலேசான கரியிழைக் கோல்களும் வந்தன. 1949இல் ஒகையோ மாநிலத்து ஆக்ரன் நகரில் நிக் கிரீம் என்பவர் மென்மையான பிளாஸ்டிக்கில் புழு ஒன்றை வார்த்தெடுத்தார். பின்னர் அதே வகையில் மீனும் தவளையும் உருவாயின.

இலேசான கோலை ஏன் தேர வேண்டும்? மெல்லிரை சில கிராம் எடையே கொண்டது. விறைத்த தடித்த கோல் அவ்வெடைக்கு வளையாது. வளையாத கோல் இரையைத் தொலைவில் எறியாது. மெல்லிய கோலோ எளிதில் எறிவதோடு, மீன் இழுக்கும் அதிர்வைத் தான் ஏற்று, நூல் அறாமற் காக்கும். எனினும் விராலின் வாய் எலும்பாலானது, அதன் இருப்பிடமோ கொடி நிறைந்தது. ஆதலின் அதற்குரிய கோல் நுனியில் நெகிழ்வும் அடியில் உறுதியும் உடையதாதல் வேண்டும். இரை மென்மையாயின், மீன் அதனைத் தசையென நம்பிச் சிறிது நேரம் கௌவியிருக்கும். முள்ளின் கூர் அம்மென்மையுள் மறைவதால், கொடியிலும் சிக்காது.

கருவியைப் பிற நாட்டிலிருந்து பெறலாம். மீனைப் பெறுமுன் ஆழச் சிந்திக்க வேண்டும். குவாத்தமாலாவின் அத்தித்லான் ஏரியில், தூண்டிற்காரரைக் கவரும் நோக்கத்தோடு 1958இலும் 1960இலும் பாஸ் விடப்பட்டது. அது அங்கிருந்த சிறு மீன்களை அழித்தது. அவ்வேரிக்கே உரிய முக்குளிப்பான் பறவையும் பின்னர் உலகினின்று மறைந்தது.

நம் குளங்களிலும் ஓர் எச்சரிக்கை வேண்டும். விராலின் குஞ்சுகள் செந்நிறக் கூட்டமாய் நீர்மேல் திரியும். தாயும் தந்தையும் கீழே காவல் நிற்கும். அக்கூட்டத்தின் நடுவே போலித் தவளையை எறிந்தால், காவல் மீன் சினந்து கௌவுவது பெரும்பாலும் உறுதி. அம்மீனை எடுத்தால், காவலிழந்த குஞ்சுகள் பிற மீன்களுக்கு இரையாகும். அறுந்து விழும் பிளாஸ்டிக் இரையும் மட்கிப் போவதன்று. உயிர்த் தவளையைத் தேடிப் பிடித்த காலத்தில், அவ்வுழைப்பே ஓர் எல்லையாக இருந்தது. இன்றைய கருவி அவ்வெல்லையை நீக்கிவிட்டது. ஆதலின் அவ்வெல்லையைத் தூண்டிற்காரர் தாமே வகுத்துக்கொள்ளுதல் வேண்டும். செந்நிறக் கூட்டம் கண்ட இடத்தில் கோலைத் தாழ்த்துபவரே அடுத்த ஆண்டும் அக்குளத்தில் விரால் காண்பார்.