18,000 பறப்புகளும் ஒரு சின்னக் குழியும்

ஒரு விமான எஞ்சினின் பாகத்துக்கு ஆயுள் எவ்வளவு? வருடத்தில் சொல்வதில்லை, பறப்புகளில்தான் சொல்வார்கள். ஒவ்வொரு தடவை மேலெழும்போதும் எஞ்சினின் விசிறித் தட்டு பெரும் இழுவிசைக்கு உள்ளாகிறது, இறங்கி நின்றதும் அது தளர்கிறது. கம்பியை வளைச்சு வளைச்சு நிமிர்த்தினால் ஒருநாள் முறியும்தானே, அதே கதைதான். முறிய முதல் கழற்றிவிட வேண்டும் என்பதற்காகத்தான் அந்த எல்லை.

1989 யூலை 19. டென்வரில் இருந்து சிக்காகோவுக்கு 296 பேருடன் பறந்த யுனைட்டட் 232 விமானத்தின் வால் எஞ்சினில் விசிறித் தட்டு வெடித்துச் சிதறியது. துண்டுகள் மூன்று ஐதரோலிக் தொகுதிகளையும் செயலிழக்கச் செய்தன. விமானி அல் ஹெய்ன்ஸும் கூட இருந்தவர்களும் மிச்சமிருந்த இரண்டு எஞ்சின்களின் வேகத்தைக் கூட்டியும் குறைச்சும் மட்டுமே சூ சிற்றி வரை கொண்டுவந்து சேர்த்தார்கள். 184 பேர் தப்பினார்கள். 112 பேர் இறந்தார்கள்.

அந்தத் தட்டுக்கு விதித்த ஆயுள் 18,000 பறப்புகள். உடைந்தபோது முடிந்திருந்தது 15,503. அப்ப கணக்குப் பிழையா? கணக்கு சரி. ஆனால் உலோகம் குறையில்லாதது என்று நம்பிப் போட்ட கணக்கு அது. டைட்டானியம் உருக்கப்பட்டபோது நைதரசன் கலந்து, கடினமான, எளிதில் நொறுங்கும் ஒரு புள்ளி உள்ளே உருவாகியிருந்தது. தயாரிப்பின் கடைசிக் கட்டத்தில் அது உதிர்ந்து, ஒன்றரை மில்லிமீற்றர்கூட இல்லாத ஒரு குழியை விட்டுப்போனது. வெடிப்பு அங்கேதான் தொடங்கியது. 1988 இல், கடைசிச் சோதனையின்போது, அது ஏறத்தாழ 12 மில்லிமீற்றர் நீளமாக இருந்திருக்கும் என்று விசாரணையில் கணித்தார்கள். ஒளிரும் சாயம் பூசிப் பார்க்கும் அந்தச் சோதனையிலும் அது தப்பிவிட்டது.

ஏழு வருடம் கழித்து, 1996 யூலை 6 இல், புளோரிடாவின் பென்சகோலாவில் டெல்டா 1288 ஓடுபாதையில் வேகமெடுக்கும்போது விசிறியின் குடம் உடைந்தது. துண்டுகள் பயணிகள் பகுதிக்குள் பாய்ந்து இரண்டு பேரைக் கொன்றன. இந்த முறை உலோகத்தில் குறையில்லை. துளையிடும்போது ஏற்பட்ட கடும் சூட்டில் துளையின் சுவர் இறுகிப்போயிருந்தது. அந்த வெடிப்பும் பராமரிப்புச் சோதனையில் கண்ணுக்குப் படாமல் போனது.

இரண்டு விசாரணைகளும் எங்களுக்குச் சொல்வது ஒன்றுதான். தயாரிப்பில் விழுந்த காயத்தைப் பாவனை வளர்க்கிறது. அதைப் பிடிக்கவேண்டிய கடைசிக் கண், நாள் முழுக்கக் குறையில்லாத பாகங்களையே பார்த்துப் பழகிய கண். நூற்றுக்கணக்கில் ஒன்றும் கிடைக்காதபோது, அடுத்ததிலும் ஒன்றும் இராது என்றுதான் மனம் நினைக்கும். சூ சிற்றி அறிக்கையும் ஒரு தனி ஆளைத் திட்டுவதோடு நிற்கவில்லை. மனித இயல்பின் எல்லைகளைச் சோதனை முறைகள் போதியளவு கணக்கில் எடுக்கவில்லை என்றது.

பிறகு கணக்கே மாறியது. குறை இல்லை என்று நம்புவதை விட்டு, குறை இருக்கும் என்று வைத்துக்கொண்டு, அது எவ்வளவு வேகமாக வளரும், எப்போது தேடவேண்டும் என்று கணிக்கத் தொடங்கினார்கள். அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் 2001 இல் அதை வழிகாட்டலாகவே வெளியிட்டது.

நாங்கள் இன்று பயமில்லாமல் ஏறி இருக்கிற இருக்கைக்குப் பின்னால் இந்த 114 பேரின் சாவும் இருக்கிறது. பாதுகாப்பு விதி ஒவ்வொன்றையும் வெறும் கடதாசி என்று நினைக்க முதல், அது யாருக்குப் பிறகு எழுதப்பட்டது என்று கேட்டுப் பார்ப்போம்.