குருதியின் சர்க்கரையை அறிந்த வரலாறு

எங்கள் திருநின்றவூரின் பெயரைச் சொன்னவுடன் பெரியோர் பலருக்குப் பூசலார் நாயனாரின் நினைவு வரும். கையில் பொருளின்றி, உள்ளத்திலேயே கோயில் எழுப்பியவர் அவர். காஞ்சியில் கற்றளி எடுத்த பல்லவ மன்னனுக்கு அந்த அகக்கோயிலைப் பற்றி இறைவனே கனவில் வந்து உணர்த்தினார் என்பது பெரியபுராணம் கூறும் செய்தி. உள்ளே நிகழ்வதை வெளியில் நிற்போர் அறிவது அத்துணை அரிது. நம் உடலின் நிலையும் அதுவே. குருதியில் சர்க்கரை ஏறுவதும் இறங்குவதும் கண்ணுக்குப் புலனாவதில்லை. அதனை அறிய மனிதன் செய்த முயற்சியின் வரலாற்றையே மாணவர்களாகிய உங்களுக்கு இங்குக் கூற விழைகின்றேன்.

நம் நாட்டுப் பண்டை மருத்துவர்கள் நீரிழிவை நன்கு அறிந்திருந்தனர். நோயாளியின் சிறுநீரை எறும்புகள் மொய்ப்பதைக் கண்டு, அதற்கு ‘மதுமேகம்’, அதாவது தேன் போன்ற நீர் என்று பெயரிட்டனர். 1776-இல் மாத்யூ டாப்சன் என்ற ஆங்கில மருத்துவர் அத்தகைய நீரைக் காய்ச்சி வற்றச் செய்து, எஞ்சிய பொருள் சர்க்கரையே என்று காட்டினார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஸ்டான்லி பெனடிக்ட் என்ற அமெரிக்கர் ஒரு நீலக் கரைசலை அமைத்தார். அதில் சில துளி சிறுநீரை விட்டுக் கொதிக்க வைத்தால், சர்க்கரையின் அளவுக்கு ஏற்பப் பச்சை, மஞ்சள், செங்கல் நிறம் என மாறும். என் தந்தையார் ஸ்பிரிட் விளக்கின் முன் அமர்ந்து இச்சோதனையைச் செய்வதை இளமையில் நாள்தோறும் கண்டிருக்கிறேன். நீலம் மாறாதிருந்தால் அன்று வீட்டில் அனைவருக்கும் நிம்மதி.

ஆனால் அந்த நிம்மதியில் ஒரு பிழை மறைந்திருந்தது. குருதியில் சர்க்கரை 100 மில்லிலிட்டருக்கு ஏறக்குறைய 180 மில்லிகிராமைக் கடந்த பின்னரே பொதுவாக அது சிறுநீரில் இறங்கும். ஆகவே, அளவு 170 ஆக இருந்தாலும் நீலந்தான்; உயிருக்கு ஆபத்தான 40 ஆக இருந்தாலும் நீலந்தான். மிகுதியை ஓரளவு காட்டிய அச்சோதனை, குறைவைக் காட்டவே இல்லை.

குறைவை அறிய வேண்டிய அவசரம் இன்சுலினோடு பிறந்தது. 1921-இல் டொரொண்டோ நகரில் பாண்டிங்கும் பெஸ்ட்டும் செய்த ஆராய்ச்சியின் பயனாக, 1922 சனவரியில் அம்மருந்து முதன்முதலாக ஒரு சிறுவனுக்குச் செலுத்தப்பட்டது. உயிர் காக்கும் அம்மருந்து, அளவு மிஞ்சினாலோ, மருந்தேற்றிய பின் உணவு தவறினாலோ, சர்க்கரையை வெகுவாகத் தாழ்த்திவிடும். வியர்வை, நடுக்கம், நினைவிழப்பு, சிலவேளை மரணமும் நேரலாம்.

நம் சென்னைக்கும் இவ்வரலாற்றில் சிறப்பான இடம் உண்டு. 1948-இல் ஸ்டான்லி மருத்துவமனையில் பேராசிரியர் எம். விசுவநாதன் நீரிழிவுக்கெனத் தனிப்பிரிவு ஒன்றைத் தொடங்கினார். பின்னர் 1954-இல் ஒரு மருத்துவமனையையும் நிறுவினார். அது இராயபுரத்தில் இன்றும் இயங்கி வருகிறது. நீரிழிவைத் தனியே கற்றுத் தனியே கவனிக்க வேண்டும் என்பதை நாடு உணர அவர் வழிகாட்டினார்.

1962-இல் லேலண்ட் கிளார்க் என்ற அறிஞர், ஒரு நொதியையும் மின்முனையையும் இணைத்துச் சர்க்கரையை அளக்கும் வழியை வெளியிட்டார். விரல் நுனியில் குத்தி ஒரு துளி குருதியில் அளவு காணும் சிறு கருவிகள் பிற்காலத்தில் வீடுதோறும் பரவின. ஆயினும் ஒரு துளி, அது எடுக்கப்பட்ட அந்த ஒரு கணத்தையே காட்டும்.

சில ஆண்டுகளுக்கு முன் என் தமையனார் அறுவைச் சிகிச்சைக்காக ஒரு மருத்துவமனையில் தங்கியிருந்தார். அவருக்கு இரண்டாம் வகை நீரிழிவு. வீட்டில் மாத்திரை உண்பவர், அங்கே இன்சுலினுக்கு மாற்றப்பட்டிருந்தார். அன்றிரவு குமட்டலால் அவர் உண்ணவில்லை. பத்து மணிக்கு அளவு 146. மூன்று மணிக்கு, அடுத்த கட்டில் நோயாளிக்குத் துணையிருந்த ஓர் அம்மையார் தற்செயலாக அவரைப் பார்த்தார். உடலெல்லாம் வியர்வை, அழைத்தும் பேச்சில்லை. செவிலியர் ஓடிவந்து சோதித்தபோது 44. குளுக்கோஸ் ஏற்றியதால் பிழைத்தார். காலை ஆறு மணிக்கு மீண்டும் 152. மாலை அளவும் காலை அளவும் நன்றாகவே இருந்தன. இடையிலிருந்த இரவைக் காக்க அன்று ஓர் அயலார் கண்விழிக்க நேர்ந்தது.

அந்த இரவை எழுதி வைப்பதே தொடர் சர்க்கரை அளவி. மயிரிழை போன்ற உணரி ஒன்று தோலுக்கடியில் அமர்கிறது. குருதியை அன்று, திசுக்களுக்கு இடையிலுள்ள நீரை அது அளக்கிறது. அங்கே நொதி சர்க்கரையோடு வினைபுரிவதால் சிறு மின்னோட்டம் எழ, அதனை எண்ணாக மாற்றிக் காட்டுகிறது. 5 நிமிடங்களுக்கு ஒருமுறை என்றால் ஒரு நாளில் 288 அளவுகள். 1999-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற முதற்கருவி மூன்று நாள் அளந்து, கழற்றிய பின்னரே கணக்குக் காட்டிற்று. இப்போதைய கருவிகளோ அளவு தாழும்போதே ஒலியெழுப்பி எச்சரிக்கின்றன.

இவை முதலில் வீட்டில் இருப்போருக்கே உரியனவாக இருந்தன. 2020-இல் கொரோனாத் தொற்று பரவியபோது, செவிலியர் அடிக்கடி நோயாளியை அணுகுவதே ஆபத்தாயிற்று. அவ்வாண்டு ஏப்ரலில் அமெரிக்க உணவு மருந்துத் துறை, மருத்துவமனைகளில் இக்கருவிகளைப் பயன்படுத்த ஆட்சேபமில்லை என்று தெரிவித்தது. 2022-இல் அந்நாட்டு நாளமில்லாச் சுரப்பியியல் சங்கம், சர்க்கரை தாழும் அபாயம் மிகுந்த உள்நோயாளிகளுக்கு இதனைப் பரிந்துரைத்தது. எனினும், மருந்தின் அளவை மாற்றுமுன் விரல்நுனிச் சோதனையால் உறுதிசெய்ய வேண்டும் என்றும் கூறிற்று. திசு நீரின் அளவு குருதியைவிடச் சில நிமிடங்கள் பிந்தியே மாறும். வீக்கத்திலும், இரத்த ஓட்டம் குன்றிய நிலையிலும் அது பிறழவும் கூடும்.

மாணவர்களே, நீங்கள் தனித்தனி வகுப்புகளில் கற்கும் வேதியியலும் மின்னியலும் உயிரியலும் அந்தச் சிறு வில்லையில் ஒன்றுகூடியிருக்கின்றன. இந்தியாவில் பத்துக் கோடிக்கு மேற்பட்டோர் நீரிழிவு உடையவர் என்று 2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு மதிப்பிட்டது. அவர்களுள் ஏழைகள் பலருக்கு இக்கருவியின் விலை எட்டாக் கனி. பொது மருத்துவமனைக் கட்டிலில் படுத்திருப்பவருக்கும் இது எளிதில் கிட்டும்படி செய்வது உங்கள் தலைமுறையின் கடமை. அவ்வாறு செய்தாலும் ஒன்றை மறவாதீர்கள். கருவி எச்சரிக்கை மட்டுமே செய்யும். அவ்வொலி கேட்டு எழுந்து வரும் மனிதர் ஒருவர் எப்போதும் வேண்டும்.