உதிர்ந்த அஞ்சல் தலையும் உறையின் சான்றும்

பழங்கடிதங்களைப் பேழையில் போற்றிவரும் அன்பர் பலர், உறையினின்று உதிர்ந்த அஞ்சல் தலையைக் கண்டவுடன் கோந்துப் புட்டியை நாடுவர். அவ்வாறு விரைதல் நன்றன்று. தலை உதிர்ந்ததன் காரணத்தை முதற்கண் அறிதல் வேண்டும்.

1852ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் முதல் நாள், சிந்துப் பகுதியின் ஆணையராயிருந்த பார்ட்டில் பிரியர் அரை அணாத் தலைகளை வெளியிட்டார். ஆசியாவின் முதல் அஞ்சல் தலைகள் இவையே. சிவந்த அரக்கு வட்டில் பொறித்த தலைகள் கையாளுங்கால் நொறுங்கின. ஆகவே காகிதத்தில் பொறித்தனர். 1854இல் நாடு முழுமைக்குமான தலைகள் கல்கத்தா நில அளவை அலுவலகத்தில், துலியர் என்னும் படைத்தலைவர் மேற்பார்வையில், கல்லச்சில் அச்சாயின. அரை அணாவுக்குக் கால் தோலா எடையுள்ள கடிதம் எத்துணைத் தொலைவும் சென்றது. இங்கிலாந்தில் 1840இலேயே வந்த முதல் தலைக்குப் பின்புறம் பசையுண்டு. நம் 1854ஆம் ஆண்டுத் தலைகளுக்கோ அஃதில்லை. துளையிட்ட விளிம்பும் இல்லை. மக்கள் கத்தரியால் வெட்டி, கையிற் கிட்டிய பசைகொண்டு ஒட்டினர். அப்பசை இன்று உலர்ந்து உதிர்வதில் வியப்பென்ன?

அவ்வாறு வெட்டிய கோணல் விளிம்பே இன்று நமக்கு உதவி! உறையில் தலை மறைத்திருந்த இடம் சற்றே நிறம் மாறாது நிற்கும். அதன் உருவும் தலையின் விளிம்பும் பொருந்துகின்றனவா என உருப்பெருக்கிக் கண்ணாடியால் நோக்குக. அஞ்சல் முத்திரையின் ஒரு பாதி தலைமீதும் மறுபாதி உறைமீதும் விழுந்திருப்பின் அதனினும் வலிய சான்று வேறில்லை. இரு பாதியும் ஒன்றாயின், இக்கடிதம் எவ்வூரில் எந்நாளில் புறப்பட்டதென்பது நிலைபெறும். வேறொரு தலையை அவ்விடத்தில் ஒட்டுவதோ பொய்க்கரி புகல்வதாகும். வாணிகர் சிலர் அதற்கும் துணிவர்.

நீரில் நனைத்தல் கூடாது. பயன்பட்ட தலையைக் கழுவி மீண்டும் விற்போரைத் தடுக்கவே, நீரிற் கரையும் மையால் அச்சிட்ட தலைகளும் உள. முகவரியின் மையும் பரவக்கூடும். செல்லோ டேப்பு நாளடைவில் மஞ்சட் கறையாகித் தாளுள் ஊறும். ரப்பர்ப் பசையும் அத்தகையதே. ஐயமற இடம் தெரிந்தால், அஞ்சல்தலை சேகரிப்போர் கையாளும் ‘ஹிஞ்ச்’ என்னும் மெல்லிய தாட்கீற்றை மடித்துப் பொருத்தலாம். அன்றிப் புரதம் நீக்கிய கோதுமை மாப்பசையை, தலையின் மேல்விளிம்பில் மட்டும் ஊசிமுனையளவு இட்டு, மையொற்றுத் தாளை வைத்து, நூலொன்றின் எடையில் ஓரிரவு விடலாம். அமிலமற்ற தனித்தாளில் பென்சிலால், எந்நாளில் எவ்வாறு ஒட்டினோம் எனக் குறித்து உறையுடன் வைக்க.

இடம் ஐயமாயின் ஒட்டவே வேண்டா. தலையையும் உறையையும் பாலியஸ்டர் உறையொன்றில் இணைத்தே வைத்திடுக.