வாசகரைப் பழக்குதல்: நூலகப் பயிலரங்கின் வரலாறு குறித்துச் சில குறிப்புகள்

ஆய்வு மாணவர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் நூலகத்தில் பயிலரங்கு நடத்துவது இன்று பல்கலைக்கழகங்களில் வழக்கமாகிவிட்ட ஒரு நிகழ்ச்சி. கணினியில் கட்டுரைகளைத் தேடுவது எப்படி, மேற்கோளைக் குறிப்பது எப்படி, எந்த ஆய்விதழுக்கு எழுதி அனுப்புவது என்று ஓரிரு நாளில் சொல்லிக்கொடுத்து, சான்றிதழும் கையில் தந்து அனுப்பிவிடுகிறார்கள். இதிலே என்ன தப்பு என்று கேட்கலாம். தப்பு ஒன்றுமில்லை. ஆனால் 'திறன்' என்ற பெயரில் நமக்கு வழங்கப்படும் எதுவும் வானத்திலிருந்து விழுந்ததல்ல. யார் கற்பித்தார்கள், எதைக் கற்பித்தார்கள், கற்க வந்தவர் எப்படிப்பட்டவர் என்று நினைத்துக் கற்பித்தார்கள் என்பதற்கெல்லாம் ஒரு வரலாறு உண்டு. நூலகம் பற்றி நம்மிடையே நடக்கும் பேச்சில் அந்த வரலாறுதான் காணாமல் போகிறது.

தமிழ்நாட்டைப் பொறுத்தவரை கதை 1924இல் தொடங்குகிறது. அந்த ஆண்டு ஜனவரியில் எஸ்.ஆர். ரங்கநாதன் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகராகப் பொறுப்பேற்றார். சீர்காழிக்காரர், மாநிலக் கல்லூரியில் கணித ஆசிரியராக இருந்தவர். வந்த வேகத்திலேயே வேலை சலித்துப்போய், பழைய வகுப்பறைக்கே திரும்பிவிடுகிறேன் என்று கேட்டவர். லண்டனுக்குப் போய்ப் படித்துவிட்டு வாருங்கள், அப்புறம் பார்க்கலாம் என்று அனுப்பிவைத்தார்கள். 1925இல் திரும்பியவர் வேறு ஆள். அலமாரிகளை வாசகருக்குத் திறந்துவிட்டார். 1928இல் சென்னை நூலகச் சங்கம் உருவாவதில் முன்னின்றார். அச்சங்கம் 1929இல் நூலகர்களுக்கான பயிற்சிப் பள்ளியைத் தொடங்கியது. 1931இல் அது பல்கலைக்கழகத்தின் கைக்கு வந்தது. அதே 1931இல்தான் அவருடைய ஐந்து விதிகள் நூலாக வெளிவந்தன. புத்தகம் பூட்டிவைப்பதற்கு அல்ல, எடுத்துப் படிப்பதற்கு என்பதும், வாசகர் எவரானாலும் அவருக்குரிய நூல் கிடைத்தாக வேண்டும் என்பதும் அவற்றின் சாரம்.

இங்கு நமக்கு முக்கியமானது அவருடைய 'ரெஃபரன்ஸ்' சேவை பற்றிய கருத்தாக்கம். புதிதாக நூலகத்துக்குள் நுழையும் மாணவரைப் பழக்கிவிடுவதை அச்சேவையின் ஒரு பகுதியாகவே அவர் வைத்தார். இதற்கு அவர் ஆங்கிலத்தில் இட்ட பெயரைத் தமிழில் 'தீட்சை' என்றுதான் சொல்ல வேண்டியிருக்கும். எழுத்தும் ஏடும் பிறப்பால் பங்கிடப்பட்டிருந்த ஒரு சமூகத்தில் இந்தச் சொல்லை அத்தனை எளிதாக விழுங்கிவிட முடியாது. தீட்சை என்றால் உள்ளே ஒருவர், வெளியே ஒருவர்; கொடுக்கத் தகுதியுள்ளவர் ஒருவர், பெறத் தகுதியுள்ளவர் இன்னொருவர். 1930களின் சென்னைப் பல்கலைக்கழகத்தில் அந்த வாசலைத் தாண்டி உள்ளே வந்தவர்கள் எந்தச் சாதிகளைச் சேர்ந்தவர்கள் என்பதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நூலகத்தின் கதவைத் திறந்த அறிஞர், பல்கலைக்கழகத்தின் கதவைப் பற்றி அங்கே கேட்கவில்லை.

ஆனால் விமர்சனத்தை இத்தோடு நிறுத்திக்கொண்டால் அது அரைகுறை. சொல்லை விட்டுவிட்டு நடைமுறையைப் பாருங்கள். ரங்கநாதனிடம் கற்றுக்கொள்ளும் சுமை வாசகர்மேல் இல்லை, நூலகர்மேல் இருக்கிறது. அட்டவணை புரியாமல் ஒருவர் விழித்துக்கொண்டு நின்றால் அது அவருடைய குறை அல்ல. பக்கத்தில் போய் நிற்காத ஊழியரின் குறை. ஒவ்வொரு வாசகரின் தேவையும் தனியானது, ஆகவே உதவியும் ஆளுக்கு ஆள் நேரில் செய்யப்பட வேண்டும் என்று அவர் வற்புறுத்தினார். இந்தத் தர்க்கம் பல்கலைக்கழக மதிலுக்குள் அடங்காது. சுதந்திர இந்தியாவின் முதல் பொது நூலகச் சட்டம் 1948இல் சென்னை மாகாணத்தில் வந்ததற்கு அவருடைய உழைப்பு முக்கியக் காரணம். அந்த வாசகர் ஒரு குடிமகர். இதைக் குறித்துக்கொள்வோம்.

இரண்டாவது கட்டம் அமெரிக்காவில் நிகழ்கிறது. 1974இல் பால் ஸர்கோவ்ஸ்கி என்பவர் 'தகவல் எழுத்தறிவு' என்ற தொடரை முன்வைத்தார். நூலகங்களுக்கான தேசியக் குழுவிடம் அவர் அளித்த அறிக்கையில் இது வருகிறது. இவர் நூலகர் அல்ல. தகவல் தொழில் நிறுவனங்களின் சங்கத் தலைவர். அதாவது தகவலை விற்பவர்களின் பிரதிநிதி. தகவல் பண்டமானால் அதை வாங்கிப் பயன்படுத்தத் தெரிந்த ஆள் வேண்டுமல்லவா? 1989இல் அமெரிக்க நூலகச் சங்கத்தின் குழு இதே தொடரை ஜனநாயகம், வாழ்நாள் கல்வி என்ற மொழியில் எடுத்தாண்டது. அந்த நோக்கத்தைச் சந்தேகிக்க வேண்டியதில்லை. இருந்தாலும் சுமை இடம் மாறிவிட்டது என்பது கவனிக்கத்தக்கது. 'எழுத்தறிவு' என்று சொன்ன உடனே 'எழுத்தறிவற்றவர்' என்ற ஒருவர் உற்பத்தியாகிவிடுகிறார். கிடைக்கவில்லை என்றால் இனி நூலகத்தில் குறை இல்லை. உமக்குத் தேடத் தெரியவில்லை.

மூன்றாவது கட்டம் மறுபடியும் நம்மிடம் வருகிறது. பல்கலைக்கழக மானியக் குழு 2009இல் முனைவர் பட்டத்துக்குப் பாடப்பயிற்சியைக் கட்டாயமாக்கியது. 2018இல் கருத்துத் திருட்டுக்கு எதிரான விதிகள் வந்தன: பத்து விழுக்காடு வரை ஒத்திருந்தால் தண்டனை இல்லை, அறுபதைத் தாண்டினால் ஆய்வுப் பதிவே ரத்து. 2019 இறுதியில் ஆய்வு, வெளியீட்டு அறம் குறித்த 30 மணி நேரப் பாடம் எல்லா ஆய்வாளர்களுக்கும் கட்டாயமானது. அதிலே அறம் இருக்கிறது. கூடவே தரவுத்தளங்களும் தாக்கக் காரணி, எச்-இன்டெக்ஸ் போன்ற அளவைகளும் இருக்கின்றன. தேடுபவரைப் பழக்க வந்த பயிற்சி, தேடுபவரையே எண்ணாக்கி அளக்கும் பயிற்சியாகவும் ஆகிவிட்டது. எந்த இதழில் எழுதினால் மதிப்பெண் என்பதற்கு 2019இல் ஒரு பட்டியல் வந்தது. 2025இல் அதுவும் கைவிடப்பட்டது. பட்டியலை நம்பி ஓடினவர் பாடு?

குடிமகர், நுகர்வோர், அளக்கப்படுபவர் என்று வாசகர் மூன்று உருவம் எடுத்துவிட்டார். இந்த மூன்றாம் உருவத்தில் தமிழில் ஆய்வு செய்யும் மாணவர் வந்து நிற்கும்போது என்ன நடக்கிறது? அவருக்குச் சொல்லித்தரப்படும் தேடல், ஏற்கெனவே பட்டியலில் ஏறியதை எடுக்கும் வித்தை. பட்டியலில் ஏறாததை என்ன செய்வது என்பதற்கு அங்கே பதில் கிடையாது. ஒத்திசைவு பார்க்கும் மென்பொருளுக்கும் தன் கிட்டங்கியில் இருப்பது மட்டும்தான் உலகம். கணினியில் ஏறாத ஒரு பழைய தமிழ் நூலைப் பக்கம் பக்கமாகப் பெயர்த்தெழுதினாலும் அதற்குத் தெரியாது. எண் சுத்தமாக வரும், அறம்?

பட்டியல் என்பதே அப்பாவித்தனமானதல்ல. 1876இல் வெளிவந்த டூயி பகுப்பு முறையில் இன்றும் தமிழ் இலக்கியத்தின் எண் 894.811. ஆங்கிலம், ஜெர்மன், பிரெஞ்சு என்று ஐரோப்பிய இலக்கியங்கள் தனித்தனி வீடு கட்டிக்கொண்ட பிறகு, 'பிற இலக்கியங்கள்' என்ற கொட்டகையில் துருக்கி, பின்லாந்து, ஹங்கேரி மொழிகளோடு தமிழும் ஒண்டிக்கொள்கிறது. ரங்கநாதனின் 1933ஆம் ஆண்டுக் கோலன் பகுப்பு முறை வேறு மாதிரி யோசித்தது. அதில் திராவிட மொழிகளுக்கு 3 என்று தனி எண், தமிழுக்கு 31. எண்தானே என்று ஒதுக்கிவிட முடியாது. எந்த நூல் எதன் பக்கத்தில் உட்காரும், எது யாருக்குக் கிளை என்பதை அந்த எண் தீர்மானிக்கிறது.

இன்னொரு பட்டியலைப் பார்ப்போம். 1867ஆம் ஆண்டின் அச்சகங்கள், நூல்கள் பதிவுச் சட்டப்படி அச்சாகும் ஒவ்வொரு நூலும் அரசிடம் பதிவாக வேண்டியிருந்தது. காலாண்டுப் பட்டியல்கள் தயாராயின. சுதேசிகள் என்ன அச்சிடுகிறார்கள் என்று பார்க்கும் காலனியக் கண் அது. பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தமிழ் அச்சு வரலாற்றை எழுத இன்று நமக்குக் கைகொடுப்பதும் அதே கண்தான். கண்காணித்தவனின் குறிப்பேட்டை எப்படி வாசிப்பது, அவன் எதைக் குப்பை என்று ஒதுக்கியிருப்பான் என்று யோசிப்பதும் ஆய்வுத் திறன்தானே.

அவன் கண்ணில் பட்டும் நம் கல்விப்புலத்தின் கண்ணில் படாமல் போனவையும் உண்டு. அயோத்திதாசர் 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' இதழைத் தொடங்கினார். 1914இல் அவர் மறைந்தார். அதன்பின் பல பத்தாண்டுகள் தமிழ்ச் சிந்தனை வரலாற்றில் அவருக்கு இடமில்லை. 1999இல் ஞான. அலாய்சியஸ் தொகுத்த அயோத்திதாசர் சிந்தனைகள் வெளிவந்த பிறகுதான் விவாதம் மாறுகிறது. அது சாத்தியமானது அன்பு பொன்னோவியம் போன்றவர்கள் அந்த இதழ்களைக் காப்பாற்றி வைத்திருந்ததால். கோட்டையூர் ரோஜா முத்தையா விளம்பரப் பலகை எழுதிப் பிழைத்தவர். பட்டதாரிகள் சீந்தாத குஜிலி நூல்களையும் நோட்டீஸ்களையும் சேர்த்துச் சேர்த்து ஒரு லட்சம் அளவுக்குக் கொண்டுவந்தார். 1992இல் அவர் இறந்தபின் சிகாகோ பல்கலைக்கழகம் அதை வாங்கியது; 1994இல் சென்னையில் ஆராய்ச்சி நூலகம் உருவானது. நம் பல்கலைக்கழகங்கள் அப்போது எங்கே இருந்தன என்ற கேள்விக்குப் பதில் சொல்ல ஆளில்லை.

ஆகவே பயிலரங்கு வேண்டாம் என்பதல்ல வாதம். முதல் தலைமுறையாகப் பல்கலைக்கழகத்துக்குள் வரும் பிள்ளைக்கு, வீட்டில் சொல்லித்தர ஆளில்லாத பிள்ளைக்கு, அந்த ஓரிரு நாள்தான் சில நேரம் ஒரே வழி. ஆங்கிலத் தரவுத்தளத்தில் தேடத் தெரிவதும் அவருக்கு அதிகாரம்தான். அதை மறுக்க நமக்கு உரிமையில்லை. ஆனால் அதோடு நிறுத்துவது அவரை மறுபடியும் வாசலில் நிறுத்துவதாகும். அட்டவணை எப்படி உருவானது, எதை விட்டது என்று அவர் கேட்கப் பழக வேண்டும். பழைய இதழ்களின் பெயர்களும், அவற்றைப் பரணில் வைத்திருக்கும் குடும்பங்களிடம் போய் மரியாதையாகக் கேட்கும் முறையும், கிடைத்ததை நகலெடுத்துப் பொதுவில் வைக்கும் கடமையும் பாடத்தில் வர வேண்டும். இதைக் கற்பிக்க, தமிழ் அச்சு வரலாறு தெரிந்த நூலகர்கள் நிரந்தர வேலையில் இருக்க வேண்டும். ஆள் போடாமல் மென்பொருள் மட்டும் வாங்கும் ஒரு பல்கலைக்கழகம், ரங்கநாதன் நூலகர்மேல் ஏற்றிய சுமையை மாணவர் தலையில் இறக்கிவைக்கிறது. பயிலரங்கு மேடையில் ரங்கநாதன் படத்துக்கு மாலை போடுபவர்கள் முதலில் இதற்குப் பதில் சொல்லட்டும்.