ஊவாத் தோட்டங்களின் உயிர்க்கணக்கு: பதுளைப் பெருந்தோட்ட வரலாறும் உயிர்வாழ்வுப் புள்ளிவிபரவியலும்

மலையகப் பெருந்தோட்ட மக்களின் வரலாற்றை ஆராயப் புகுவோர் முன் இரு வினாக்கள் எழுகின்றன. தமிழகத்திலிருந்து வந்தோர் எத்தனை பேர் என்பது ஒன்று. வந்தோருள் எத்தனை பேர் எவ்வளவு காலம் உயிர் வாழ்ந்தனர் என்பது மற்றொன்று. முதல் வினாவுக்குத் துறைமுகக் கணக்குகளும், 1871 முதல் எடுக்கப்பட்ட குடிசன மதிப்புகளும் ஓரளவு விடை தருகின்றன. இரண்டாவது வினாவோ இன்றளவும் தெளிவுறாத நிலையிலேயே உள்ளது. சான்றுகள் குறைவென்பது மட்டும் இதற்குக் காரணமன்று. இருக்கும் சான்றுகளை எவ்வாறு கணித்தல் வேண்டும் என்ற முறையியற் சிக்கலும் இதில் அடங்கியுள்ளது. தோட்ட வரலாற்றோடு தொடர்பற்றதெனத் தோன்றும் ஒரு துறை, அஃதாவது என்பு மச்சை மாற்றுச் சிகிச்சையை ஒட்டி வளர்ந்த புள்ளிவிபரவியல், இச்சிக்கலைத் தெளிவுபடுத்த வல்லது என்பதை ஊவா மாகாணத்தை எடுத்துக்காட்டாகக் கொண்டு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. உயிர்வாழ்வுக் கணக்கின் வளர்ச்சி

வால்வெள்ளியால் பெயர்பெற்ற எட்மண்ட் ஹலி, 1693இல் பிரெஸ்லோ நகரின் பிறப்பு இறப்புப் பதிவுகளைக் கொண்டு ஆயுள் அட்டவணை ஒன்றை அமைத்தார். அந்நகரை அவர் தெரிந்தமைக்குக் காரணம் உண்டு. வெளியூரவர் வந்து குவியும் இலண்டனைப் போலன்றி, அங்கு வருவோரும் போவோரும் சிலரே. பிறந்த ஊரிலேயே மக்கள் இறக்கும் இடத்திற்றான் அக்கணக்கு செவ்வையாகப் பொருந்தும்.

இடம்பெயரும் மக்களுக்கு வேறொரு முறை வேண்டியிருந்தது. மருத்துவ ஆய்வுகளிலும் இதே தேவை எழுந்தது. சிகிச்சை பெற்ற நோயாளருள் சிலர் ஆய்வு முடியுமுன்னரே தொடர்பற்றுப் போவர்; அவர்களை இறந்தோராகவோ உயிருள்ளோராகவோ முடிவு செய்தல் இயலாது. 1958இல் கப்பிளன், மையர் என்ற இருவர் இதற்குத் தீர்வு கண்டனர். ஒருவர் பார்வையில் இருக்கும் வரை அவரைக் கணக்கிற் சேர்த்து, நீங்கிய கணத்திலிருந்து விலக்குவதே அம்முறையின் சாரம். 1972இல் டேவிட் கொக்ஸ், பல காரணிகள் உயிர்வாழ்வைப் பாதிக்கும் அளவைக் கணிக்க வழிவகுத்தார்.

அதே 1972இல் அமெரிக்காவின் மில்வோக்கி நகரில் அனைத்துலக என்பு மச்சை மாற்றுப் பதிவகம் தொடங்கியது. இத்துறையில் நெடுங்காலம் உழைத்தவர் ஜோன் கிளைன் என்ற உயிர்ப்புள்ளிவிபரவியலாளர். ஒகையோ மாநிலப் பல்கலைக்கழகத்திலும் பின்னர் விஸ்கொன்சின் மருத்துவக் கல்லூரியிலும் பணியாற்றிய இவர், மெல்வின் மோஷ்பேர்கருடன் இணைந்து 1997இல் வெளியிட்ட நூல் இத்துறையின் அடிப்படைப் பாடநூல்களுள் ஒன்று. மச்சை மாற்றுப் பெற்ற 137 குருதிப் புற்றுநோயாளரின் வரலாறு அந்நூலில் மீண்டும் மீண்டும் ஆராயப்படுகின்றது. 2013இல் மறைந்த கிளைன், தம் வாழ்நாளில் முக்கியமாக ஆராய்ந்த சிக்கல்கள் மூன்றெனத் தொகுத்துக் கூறலாம்: பார்வைக்குள் வருமுன்னரே மறைந்தோர், பார்வையிலிருந்து இடையில் நீங்கியோர், ஒரு முடிவு நேர்ந்தமையால் மற்றொரு முடிவு நேர இடமின்றிப் போனோர். சிகிச்சையின் விளைவால் இறந்தவருக்கு நோய் மீளும் வாய்ப்பே இல்லை என்பது இம்மூன்றாவதற்கு எடுத்துக்காட்டாகும்.

இம்மூவகையினரும் ஊவாத் தோட்டங்களின் வரலாற்றிலும் உள்ளனர்.

2. பேரேட்டில் ஏறாதோர்

1886இல் தனி மாகாணமாக்கப்பட்ட ஊவா, கோப்பிக் காலத்துத் தோட்டப் பகுதிகளுள் தொலைவானவற்றுள் ஒன்று. புகையிரதப் பாதை 1867இல் கண்டியையும், 1885இல் நானுஓயாவையும், 1894இல் பண்டாரவளையையும், 1924இலேயே பதுளையையும் அடைந்தது. அதற்கு முன்னர், மன்னார்க் கரையில் இறங்கிய தொழிலாளர் வடபாதைக் காட்டினூடே தம்புள்ளை வழியாக மாத்தளையை நடந்தடைந்தனர். பசறை, லுணுகலை, மடுல்சீமைத் தோட்டங்களுக்குரியோர் அதன் பின்னும் மலையேற வேண்டியிருந்தது.

தோட்டத்துச் செக்றோல் என்னும் பேரேட்டில் ஒருவரின் பெயர் ஏறுவது, அவர் தோட்டத்தை அடைந்து பிரட்டுக் களத்தில் நின்ற பின்னரேயாம். வழியில் வாந்திபேதியாலும் காய்ச்சலாலும் மாண்டோர் எத்தோட்டத்தின் கணக்கிலும் இலர். எனவே தோட்டக் கணக்கை மட்டும் கொண்டு இறப்பு வீதத்தைக் காண்போர், நடைவழியைத் தாங்கி உயிர்பிழைத்தவர்களை மட்டுமே எண்ணுகின்றனர். பாதை நீள நீள இப்பிழையும் பெருகும். ஆகவே ஊவாவின் பழைய கணக்குகளில் இப்பிழை ஏனைய பல பகுதிகளிலும் மிகுதியாக இருத்தல் கூடும்.

3. பேரேட்டிலிருந்து நீங்கியோர்

கோப்பிக் காலத்தில் அறுவடை முடிந்ததும் பெரும்பாலோர் ஊர் திரும்பினர். 1869இல் மடுல்சீமையில் முதன்முதலாகக் காணப்பட்ட இலைநோய் கோப்பியை அழித்துத் தேயிலைக்கு இடமளித்த பின்னரே, ஆண்டு முழுவதும் குடும்பமாகத் தங்கும் நிலை பரவியது. அப்போதும் பெயர்வு ஓயவில்லை. கங்காணியின் கடனைக் குறித்த 'துண்டு' கைமாறியபோது, அவனுக்குக் கீழிருந்த ஆள்களும் தோட்டம் மாறினர். 1921இல் துண்டு முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. இவ்வாறு சென்றோரின் பெயர் செக்றோலில் அடிக்கப்பட்டது. அதன்பின் அவர் என்னவானார் என்பதை அப்பேரேடு கூறாது.

இவர்களை எவ்வாறு கணிப்பது? கற்பனையாக ஒரு தோட்டத்தைக் கொள்வோம். ஆண்டுத் தொடக்கத்தில் 100 பேர் உளர். முதல் அரையாண்டில் 10 பேர் இறக்க, அரையாண்டு முடிவில் 30 பேர் நீங்குகின்றனர். எஞ்சிய 60 பேருள் 6 பேர் பின்னரையாண்டில் இறக்கின்றனர். நீங்கியோர் அனைவரும் உயிரோடுள்ளனர் எனக் கொண்டால் உயிர்வாழ்ந்தோர் நூற்றுக்கு 84. நீங்கியோரை அறவே விலக்கிவிட்டால் ஏறத்தாழ 77. அவர்கள் அனைவரும் இறந்தனர் எனக் கொண்டால் 54. கப்பிளன், மையர் முறைப்படி, முதலரையாண்டில் நூற்றுக்குத் தொண்ணூறும் பின்னரையாண்டில் நூற்றுக்குத் தொண்ணூறும் பெருக்க வருவது 81. பேரேடு ஒன்றே; எண்கள் நான்கு.

இவ்வேறுபாடு வெறும் கணிதப் பயிற்சியன்று. 1849இல் கொழும்பு ஒப்சேர்வர் பத்திரிகை, அவ்வாண்டுகளில் வந்தோருள் ஏறத்தாழ நாலிலொரு பங்கினர், எழுபதினாயிரம் பேர் வரை, மாண்டனர் என எழுதியது. அக்காலத்துக்குக் கிடைக்கும் வருகைக் கணக்கிலிருந்து மீட்சிக் கணக்கைக் கழித்து இறப்பைக் காண முயல்வோர், மேற்கூறிய மூன்றாவது கணிப்பின் பிழைக்கு ஆளாகின்றனர். பதியாது ஊர் மீண்டோரும் தங்கி வாழ்ந்தோரும் இறந்தோராக எண்ணப்பட்டுவிடலாம். மறுபுறம், தோட்டத்துரைமார் காட்டிய குறைந்த வீதங்கள் முதலாவது கணிப்பின் பிழைக்கு இடந்தருவன. இரு தரப்பினரும் உண்மையை உரைப்பதாகவே நம்பியிருத்தலும் கூடும்.

4. நோயுற்று நீங்கியோர்

ஆயினும், 81 என்ற எண்ணையும் ஐயமின்றி ஏற்றல் தகாது. நீங்கியோரும் தங்கியோரும் ஒரே உடல்நிலையினர் என்ற எடுகோளின் மீதே அம்முறை நிற்கின்றது. மச்சை மாற்று ஆய்வுகளில் நோய் முற்றியவரே மருத்துவமனைக்கு வராது நின்றுவிடின், எஞ்சியோரைக் கொண்டு பெறும் முடிவு உண்மையிலும் நல்லதாகத் தோன்றும். தோட்டங்களில் நிகழ்ந்ததும் இதுவே. வேலை செய்ய இயலாத நோயாளர் கைவிடப்பட்டு வீதியோரங்களில் கிடந்தமை அக்காலத்தில் பெரும் முறைப்பாடாக எழுந்தது. கோப்பி மாவட்டங்களுக்கென 1872இல் மருத்துவத் தேவைக் கட்டளைச் சட்டம் இயற்றப்பட்டமைக்கு இத்தகைய முறைப்பாடுகளும் காரணமாயின. பேரேட்டில் 'போய்விட்டார்' எனக் குறிக்கப்பட்டோருள் சாகும் தறுவாயில் இருந்தோரும் உளர் என்பதை வரலாற்றாசிரியர் மறத்தலாகாது.

தோட்டத்திலே நிகழும் பிறப்பு இறப்புகளை அறிவிக்கும் கடமை தோட்ட அதிகாரிக்கு உரியதாயிற்று. மரணமோ அது நிகழ்ந்த இடத்திலேயே பதியப்படுவது. லயத்திலிருந்து டோலியிலும் லொறியிலும் பதுளை வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லப்பட்டு ஆங்கே இறந்த தாயும் சேயும் நகரத்தின் கணக்கிற் சேர்ந்தனர். தோட்டத்தின் கணக்கு அந்த அளவிற் குறைந்தது. வைத்திய வசதி பெருகிய காலத்தில் தோட்ட இறப்பு வீதம் வீழ்ந்தமையை ஆராய்வோர், அவ்வீழ்ச்சியில் எப்பங்கு உண்மையான நன்மை, எப்பங்கு பதிவிடத்தின் மாற்றம் என்பதைப் பிரித்துக் காணல் வேண்டும்.

5. கடல்கடந்து நீங்கியோர்

1964ஆம் ஆண்டு ஒக்டோபர் 30இல் கைச்சாத்தான சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் உரியோராக்கியது. எஞ்சிய 1,50,000 பேர் 1974இல் சரிபாதியாகப் பகிரப்பட்டனர். அதே 1974ஐ ஒட்டிய உணவுத் தட்டுப்பாட்டில் தோட்டங்களில் இறப்பு பெரிதும் உயர்ந்தது. இறப்போர் பெருகிய அதே காலத்தில், எவருள் எத்தனை பேர் எனக் கணிக்க வேண்டிய அடித்தொகை தலைமன்னார்க் கப்பலில் குறைந்துகொண்டிருந்தது. நீலகிரியிலே தாயகம் திரும்பியோர்க்கென 1968இல் தொடங்கப்பட்ட தேயிலைத் தோட்டங்களை அடைந்தவர் ஆங்கு எவ்வளவு காலம் வாழ்ந்தனர் என்பதை இலங்கைப் பதிவுகளைக் கொண்டு மட்டும் அறிய இயலாது. ஒரே குடும்பத்தின் உயிர்க்கணக்கு இரு நாடுகளின் ஏடுகளில் பிளவுண்டு கிடக்கின்றது.

6. முடிவுரை

இஃது பழங்கதையன்று. 2014 ஒக்டோபர் 29ஆம் நாட் காலை கொஸ்லந்தை மீரியாபெத்தையில் மண்சரிந்து லயங்களை மூடியபோது, காணாமற்போனோர் நூற்றுக்கணக்கானோர் என முதலிற் கூறப்பட்டது. பின்னர் அத்தொகை படிப்படியாகக் குறைந்தது. அவ்வேளை லயத்தில் இருந்தோர் யாவர், வேலைக்குச் சென்றோர் யாவர், பாடசாலைக்கும் கொழும்புக்கும் சென்றோர் யாவர் என்பதை உடனடியாக உரைக்க வல்ல கணக்கு எவரிடமும் இருக்கவில்லை.

எனவே பதுளை மாவட்டத் தோட்டங்களில் எஞ்சியிருக்கும் செக்றோல்கள், மருந்தகப் புத்தகங்கள், பிறப்பு இறப்புப் பதிவேடுகள் ஆகியவற்றை ஆளுக்கு ஆளாக இணைத்து, ஒவ்வொருவரும் எந்நாள் பார்வைக்குள் வந்தார், எந்நாள் எவ்வாறு நீங்கினார் என்பதைப் பதிதல் முதற்பணியாகும். வீதங்களைக் கணித்தல் அதன் பின்னரே. பேரேடுகள் கறையானுக்கும் மழைக்கும் இரையாகி வருகின்றன. தோட்டப் பிள்ளைகள் பலர் இன்று பல்கலைக்கழகங்களில் கணிதமும் மருத்துவமும் வரலாறும் பயில்கின்றனர். தம் பாட்டன் பாட்டியரின் பெயர்கள் எழுதப்பட்ட அவ்வேடுகளை வாசிக்கும் தகுதியும் உரிமையும் அவர்க்கு உண்டு. அவர்கள் இப்பணியைத் தாமதியாது மேற்கொள்ளல் வேண்டும்.