பாகவதருக்கு லண்டன் கோர்ட்டு, நம்ம கரகக்காரிக்கு?

லட்சுமிகாந்தன் கொலை வழக்கைப் பற்றித் தமிழில் நிறையவே எழுதிவிட்டார்கள். கொலையைப் பேசிய அளவுக்கு, அதற்கு முந்தைய மனுவை யாரும் பேசவில்லை.

1943-ல் லட்சுமிகாந்தன் 'சினிமா தூது' நடத்தினார். நடிகர், நடிகைகளின் அந்தரங்கம்தான் அதன் சரக்கு. நாடக மேடையில் வளர்ந்து சினிமாவுக்கு வந்த எம்.கே. தியாகராஜ பாகவதரும் என்.எஸ். கிருஷ்ணனும், டைரக்டர் ஸ்ரீராமுலு நாயுடுவும் கவர்னர் ஆர்தர் ஹோப்பிடம் மனுக் கொடுத்தார்கள். பத்திரிகையின் லைசென்ஸ் போயிற்று. ஆனால் எழுத்து நிற்கவில்லை. 'இந்து நேசன்' என்ற வேறு பெயரில் தொடர்ந்தது.

1944 நவம்பர் 8-ல் லட்சுமிகாந்தன் சென்னையில் கத்தியால் குத்தப்பட்டார், மறுநாள் இறந்தார். மனுக் கொடுத்த மூவரும் சதிக் குற்றத்தில் மாட்டினார்கள். நாயுடு விடுதலையானார். மற்ற இருவருக்கும் 1945 மே மாதம் ஆயுள் தண்டனை. ஹைகோர்ட்டு அப்பீலும் தோற்றது. லண்டன் பிரிவி கவுன்சில்வரை போய், வழக்கு திரும்பி வந்து, 1947 ஏப்ரலில்தான் விடுதலை.

இதில் நாம் பார்க்க வேண்டியது வேறு. அவதூறுக்கு ஆளானபோது அவர்களுக்குக் கவர்னர் வீட்டு வாசல் திறந்தது. தண்டனை வந்தபோது லண்டன்வரை போக வக்கீலும் பணமும் இருந்தன. அப்படியும் பாகவதரின் மார்க்கெட் திரும்பவில்லை. அவருக்கே இந்தக் கதி என்றால், நம்ம ஆளுக?

எங்க சுந்தரபாண்டியபுரம், தென்காசிப் பக்கம் கோயில் கொடை என்றால் நையாண்டி மேளமும் கரகாட்டமும் உண்டு. எங்க பெரியப்பா பம்பை அடித்தவர். அவர் செட்டில் ஆடிய ஓர் அக்காவைப் பற்றி ஒரு வாரப் பத்திரிகை 'ஆபாச ஆட்டம்' என்று போட்டோவோடு எழுதியது. "ராத்திரி முழுக்க அக்கினிச் சட்டி எடுத்து ஆடுனேன், அதை எழுதலியே தம்பி" என்றார். போலீசில் போய்ச் சொன்னதற்கு, "கோர்ட்டுக்குப் போம்மா" என்றார்கள்.

போலீசு சொன்னது சட்டப்படி சரிதான். 1860-ன் தண்டனைச் சட்டம் 499, 500 பிரிவுகளானாலும், 2024 ஜூலையில் அமலுக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதா 356 ஆனாலும், அவதூறுக்குப் பாதிக்கப்பட்டவரே மாஜிஸ்திரேட்டிடம் புகார் கொடுக்க வேண்டும். வக்கீல் வைக்க வேண்டும். வாய்தாவுக்கு வாய்தா நடக்க வேண்டும். ஒரு வாய்தா என்றால் ஒரு நாள் ஆட்டக் கூலி போச்சு.

1989-ன் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இருக்கிறதே என்பீர்கள். பொதுமக்கள் பார்வையில் சாதி சொல்லி இழிவுபடுத்தினால் அது குற்றம். ஆனால் பத்திரிகைக்காரன் சாதியை எழுதுவதில்லை. 'ஆபாசம்', 'குத்தாட்டம்' என்று எழுதுகிறான். படிக்கிறவனுக்கு எந்தத் தெரு என்பது தெரியும். சட்டத்தின் கண்ணுக்குத் தெரியாது.

சிறையிலிருந்து வந்த கிருஷ்ணன், 1949-ல் 'நல்லதம்பி' படத்தில் கிந்தனார் காலட்சேபம் செய்தார். நந்தன் கோயிலுக்கு ஏங்கினான். கிந்தன் படிப்புக்கு ஏங்கிப் பட்டணம் போனான். அந்தக் கிந்தன் பேரப்பிள்ளைகள் இன்று வக்கீல்களாக, நிருபர்களாக இருக்கிறார்கள். நம் கலைஞர்களின் புகார்களை இலவசமாக எடுத்து நடத்துவதும், அவர்கள் ஆட்டத்தை ஆட்டமாகவே எழுதுவதும் இவர்கள் பொறுப்பு. அந்த அக்காவின் பதிலை அந்தப் பத்திரிகை கடைசிவரை போடவில்லை. இங்கே போட்டாச்சு.